நீல மூடி டப்பா

ஜனவரி 19, திங்கள்

பொங்கல் லீவு முடிந்து காலேஜ் திறந்தாயிற்று. "லீவுல நல்லா ரெஸ்ட் எடுத்தீங்களா மேடம்?" என்று வாட்ச்மேன் கேட்டார். எந்த வீட்டில் பெண்களுக்குப் பொங்கல் லீவு ரெஸ்ட்டாக இருந்திருக்கிறது? சிரித்துவைத்தேன்.

காலையில் ஓவியாவுக்கு இரட்டைச் சடை பின்ன உட்கார்ந்தால் விரல் மடங்க மாட்டேன் என்கிறது. "என்னம்மா இவ்வளவு லூசா பின்னுற? ஸ்கூல் போறதுக்குள்ள அவுந்து தொங்கும்" என்றாள். ஒன்பதாம் வகுப்பு வந்தும் தலை பின்ன அம்மா வேண்டும், வாய் மட்டும் தனியாக வளர்ந்திருக்கிறது. பனிதான் காரணம். இந்தப் பனியில் மதுரையில் யாருக்கு விரல் மடங்குகிறது? பஸ்ஸில் பாதி தூரம் போனதும் சரியாகிவிட்டது.

டைரி எழுதும் பழக்கம் எனக்கு இல்லை. இந்த வருடம் எழுதி வைத்தால்தான் வேலை ஓடும் என்று தோன்றுகிறது. நாற்பத்திரண்டு வயதில், பார்மசி காலேஜில் வகுப்பும் எடுத்துக்கொண்டு, பிஎச்.டி.யும் செய்கிறேன். ஜூன் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும், அதற்கு மேல் பல்கலைக்கழகம் தவணை தராது. பட்டம் இல்லாதவர்களுக்கு அடுத்த வருடம் வேலை இல்லை என்று காலேஜ் நிர்வாகமும் சொல்லிவிட்டது. ஆக, ஜூன். அதுவரை மூச்சு விட நேரமில்லை.

ஜனவரி 24, சனி

ஜெல் செய்தேன்.

என்ன ஆராய்ச்சி என்று கேட்கிற சொந்தக்காரர்களிடம் "வீக்கத்துக்கு மருந்து" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். உண்மையும் அதுதான். எலுமிச்சைப்புல்லில் வடித்த எண்ணெயைத் தோலில் தடவுகிற ஜெல்லாக்கி, வீங்கிய எலிப் பாதத்தில் தடவி, வீக்கம் எவ்வளவு வடிகிறது என்று அளப்பது. இதற்கு ஐந்து வருடம் ஓடிவிட்டது.

ஜெல்லுக்காக நேற்று தண்ணீரில் ஊறவைத்த பொடி காலையில் கலங்கிய கஞ்சி மாதிரி கிடந்தது. கலக்கிக்கொண்டே காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டதும் சட்டென்று தெளிந்து கெட்டிப்பட்டது. எத்தனை முறை பார்த்தாலும் அந்த நொடி எனக்கு அலுப்பதில்லை. மற்ற எல்லாம் அலுத்துவிட்டது.

நான்கு வகை. எண்ணெய் குறைவாகப் போட்டது, அதிகமாகப் போட்டது, கடையில் விற்கிற வலி மருந்து கலந்தது, ஒன்றுமே இல்லாத வெறும் ஜெல். பார்க்க எல்லாம் ஒன்றுபோல் வெள்ளையாக இருக்க வேண்டும் என்று வெறும் ஜெல்லில் வாசனையில்லாத மினரல் ஆயில். செய்தது நான். டப்பாக்களில் அடைப்பது ரஹ்மத்.

ரஹ்மத்நிஷா என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவள். எனக்கு முன்னாலேயே பட்டமும் வாங்கிவிட்டாள். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள் என்று நான்கு மூடிகள். எந்த மூடிக்குள் எது என்பது அவளுக்கு மட்டும் தெரியும். எலிகளுக்குத் தடவப்போவதும் அவள்தான். நான் அளப்பதோடு சரி. எதில் மருந்து என்று தெரிந்தால் அளக்கிறவள் கண் வேண்டிய பக்கம் சாய்ந்துவிடும், அதற்குத்தான் இந்த ஏற்பாடு. வாசனை காட்டிக்கொடுத்துவிடக் கூடாது என்று எல்லா மூடிக்கு உள்ளேயும் எண்ணெய் தொட்ட பஞ்சை ஒட்டினாள்.

"உன் மூக்கு மோப்ப நாய் மூக்குடி. அதுக்குத்தான் இந்தப் பஞ்சு."

"எனக்கு ஒரு க்ளூவாவது குடேன்."

"செத்தாலும் சொல்ல மாட்டேன்."

"நான் செத்தா?"

"அப்பவும் சொல்ல மாட்டேன். ஜூன் முடியட்டும், கபர்ல வந்து சொல்லுறேன்."

சிரித்துச் சிரித்து இடுப்பு வலித்தது. சிரித்தாலும் வலிக்கிற வயசு.

பிப்ரவரி 2, திங்கள்

அசதி. ராத்திரி முழுக்கத் தூங்கினேன், எழுந்ததும் மூட்டை சுமந்தவள் மாதிரி இருக்கிறது. தேர்வுத் தாள் திருத்தவில்லை. மாவு புளித்துவிட்டது.

பிப்ரவரி 7, சனி

எலிச் சோதனைக்கு அனுமதி தரும் குழு கூடவில்லை. ஒருவர் ஊரில் இல்லை, ஒருவர் மகளுக்குக் கல்யாணம். எலிகள் ஏப்ரலில்தான். என் கைடு இன்னாசிமுத்து சார், "அதுவரைக்கும் ஜெல் கெடாம இருக்கான்னு பாருங்க. சும்மா இருக்காதீங்க" என்றார். சும்மா இருப்பது எப்படி என்று எனக்கு யாராவது சொல்லித் தந்தால் தேவலை.

வாரா வாரம் டப்பாக்களைத் திறந்து நிறம், பதம், காரத்தன்மை பார்க்க வேண்டும். நீல மூடியைத் திறந்ததும் வாசனை குப்பென்று அடித்தது. மற்ற மூன்றிலும் இந்த வேகம் இல்லை. மூடியில் பஞ்சு இருக்கிறது, மூக்கை நம்பக் கூடாது என்று தெரியாதவளா நான்? ஆனால் பஞ்சில் தொட்டது ஒரே அளவு என்றால், மீதி வாசனை ஜெல்லிலிருந்துதானே வர வேண்டும்?

காலையிலிருந்து விரல் கணுக்கள் விண்விண்ணென்று தெறித்துக்கொண்டிருந்தன. ஒரு விரல் எடுத்துத் தடவித் தேய்த்தேன். கொஞ்சம்தான்.

பிப்ரவரி 8, ஞாயிறு

காலையில் விரல்கள் நன்றாக மடங்கின. நீலத்தில்தான் எண்ணெய் அதிகம். எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 19, வியாழன்

வீட்டுக்காரர் சௌந்தர் மறுபடி ஆரம்பித்தார். எதற்கும் அவசரப்படாத மனுஷன், மின்வாரிய ஆபீஸில் இருபது வருடம் குப்பை கொட்டிய பொறுமை. இன்று ஊறுகாய் பாட்டிலைத் திறந்து கொடுத்துவிட்டு, "ஒரு எட்டு டாக்டர்ட்ட காட்டிட்டு வந்துருவமா?" என்றார்.

"எதுக்கு?"

"கைக்கு."

"கைக்கு என்ன கேடு? பாட்டில் மூடிய எவன் இப்படி இறுக்குறான்னு கேளுங்க."

அவர் மூடியை லேசாகத் திருகி வைத்துவிட்டுப் போய்விட்டார். பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

அம்மா ஞாபகம். அம்மாவின் விரல்கள் எல்லாம் சுண்டுவிரல் பக்கம் சாய்ந்து, கணுக்கள் புடைத்து, தட்டில் சோற்றைப் பிசையக்கூட வராமல் போயின. என்ன நோய் என்று ஒருவரும் சொல்லவில்லை. "வாதம்" என்றார்கள். மெடிக்கல் ஷாப்பில் வாங்கி விழுங்கிய வலி மாத்திரைகள் சிறுநீரகத்தைத் தின்றதுதான் மிச்சம். கடைசி இரண்டு வருடம் நான்தான் ஊட்டினேன். எனக்குப் பதினாறு வயது. ஊட்டும்போது அம்மா என் முகத்தைப் பார்க்க மாட்டாள், வெட்கம். நானும் பார்க்க மாட்டேன். மாத்திரை அட்டையைக் கண்டாலே எனக்குக் குமட்டும். தடவுகிற மருந்தில் நான் வந்து நின்றதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

எனக்கு வந்திருப்பது அது இல்லை. வேலை அதிகம், அவ்வளவுதான்.

மார்ச் 3, செவ்வாய்

வெயில் ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே லேப் கொதிக்கிறது. பனி போய் எவ்வளவோ நாளாயிற்று, கை மட்டும் அப்படியே இருக்கிறது. போர்டில் எழுதி எழுதித்தான் என்று நினைக்கிறேன்.

"போர்டுல ரெண்டு கையாலயுமா எழுதுற?" என்றாள் ரஹ்மத். இடது கையையும் பார்த்திருக்கிறாள். அதே இரண்டு விரல்கள், அதே கணுக்கள்.

"இடது கையில டஸ்டர் பிடிக்கிறேன்" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

மார்ச் 11, புதன்

முதல் அத்தியாயத்தை சார் திருத்தித் தந்தார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மை. முடக்கு வாதம் பற்றி நான் எழுதிய பகுதியில் மட்டும் "நன்று" என்று போட்டிருக்கிறார். காலையில் நெடுநேரம் விலகாத விறைப்பு, இரு கைகளிலும் ஒரே மூட்டுகளில் வீக்கம், ஓய்வெடுத்தாலும் தீராத சோர்வு, தாய்வழியில் நோய் இருந்த வரலாறு. நானே எழுதியது, தெளிவாகத்தான் இருக்கிறது.

"சோர்வு" என்ற சொல்லுக்குப் பிறகு கமா வேண்டுமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே மேஜையில் தலை வைத்துத் தூங்கிவிட்டேன்.

மார்ச் 20, வெள்ளி

வாரப் பரிசோதனை. நீல மூடி திருகவில்லை. ரஹ்மத்தான் திறந்து கொடுத்தாள். உள்ளே பார்த்தாள், அப்புறம் என் கையைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவள், வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

மார்ச் 29, ஞாயிறு

ஓவியா கண்ணாடி முன்னால் நின்று தானே பின்னக் கற்றுக்கொண்டாள். "இனிமே நீ எனக்கு வேணாம்" என்று ஜம்பமாகச் சொன்னாள். அப்பாடா என்று இருந்தது. குளியலறைக்குப் போய்க் கொஞ்சம் அழுதேன். எதற்கென்று கேட்டால் தெரியாது.

ஏப்ரல் 6, திங்கள்

எலிகள் வந்துவிட்டன. எல்லாம் ஒரே எடை, வெள்ளை வெளேரென்று. எந்தக் கூண்டுக்கு எந்த டப்பா என்று குழம்பாமல் இருக்க ரஹ்மத் கூண்டுகளுக்கும் நான்கு நிற ரிப்பன் கட்டினாள். வியாழன் காலை ஆரம்பம். இது முடிந்தால் கடைசி அத்தியாயம், அப்புறம் கட்டடம் கட்டி முடித்த கொத்தனார் மாதிரி கையை உதறிக்கொண்டு போகலாம். உதற முடிந்தால்.

ஏப்ரல் 8, புதன்

கோபத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக வருகிறது, வரட்டும்.

சாயங்காலம் ரஹ்மத் லேப் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"கை எப்படி இருக்கு?"

"நீலம் தடவுறதாலதான் இந்த அளவுக்காவது இருக்கு. இல்லைன்னா படுத்த படுக்கையாயிருப்பேன். டாக்டர், டாக்டர்னு இவரு வேற உசிர எடுக்குறாரு. என் மருந்தே என்னைக் காப்பாத்துது, எனக்கு எதுக்கு டாக்டரு?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "தமயந்தி, நீலத்துல ஒண்ணும் இல்லடி."

"என்ன ஒண்ணும் இல்ல?"

"எண்ணெயும் இல்ல, மருந்தும் இல்ல. வெறும் ஜெல்லு. மூடிப் பஞ்சுல கை தவறி ரெண்டு சொட்டு கூடப் போயிருச்சு. அந்த வாசத்தைத்தான் நீ மோந்துக்கிட்டு இருக்க."

எனக்குக் கை ஞாபகம் வரவில்லை. நாளைக் காலை ஞாபகம்தான் வந்தது. "அடிப் பாவி! ஏன்டி சொன்ன? நாளைக்கு அளக்கப்போறவ நான்! நீல ரிப்பன் எதுன்னு இப்ப எனக்குத் தெரிஞ்சு போச்சே, இனிமே நான் எப்படிடி அளக்க? அஞ்சு வருஷத்தை நாசம் பண்ணிட்டியே!" என்று கத்தினேன். எலிகள் எல்லாம் மூலைக்கு ஓடின.

அவளும் கத்தினாள். "மூணு வாரமா பாத்துக்கிட்டு இருக்கேன். டப்பா எறங்கிக்கிட்டே போகுது, உன் விரல் வீங்கிக்கிட்டே போகுது. சொன்னா உன் தீசிஸ் போச்சு, சொல்லாட்டி உன் கை போச்சு. மூணு வாரமா தீசிஸ் பக்கம் நின்னேன். தொழுகையில நிக்கிறப்பகூட உன் கைதான் கண்ணுக்குள்ள வருது. இன்னைக்கு முடியல, சொல்லிட்டேன். போ."

கொஞ்ச நேரம் இருவரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தோம். பிறகு அவளே மெதுவாக, "நான் சொல்லல, நீ கேக்கல. நாளைக்கு அளந்துட்டுப் போ. ரெண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. ஆனா ரத்தம் குடுத்துப் பாரு, உன் கால்ல வேணா விழறேன்" என்றாள்.

விரல் நன்றாக மடங்கியது என்று எழுதினேனே, அது என்ன? தேய்த்த சூடா? ஆசையா? ஒன்றுமில்லாததைத் தடவிக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறேன். வகுப்பில் பிள்ளைகளுக்கு இதைத்தானே வருடா வருடம் நடத்துகிறேன், வெறும் மாத்திரையைக் கொடுத்தாலும் பத்தில் மூன்று பேர் வலி குறைந்தது என்பார்கள் என்று. அந்த மூன்று பேரை நினைத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து நானும் சிரிப்பேன்.

ஏப்ரல் 9, வியாழன்

அளக்கப் போனேன். மறைக்க என்ன இருக்கிறது, யாருக்கும் தெரியாது என்ற தைரியத்தில்தான் போனேன். ஜூன் மட்டும்தான் கண்ணுக்குத் தெரிந்தது.

வீக்கம் வரவைக்கும் ஊசி போடுவதற்கு முன்னால் சாதாரணப் பாதத்தின் அளவு எடுக்க வேண்டும். எலியை ஒரு கையில் அணைத்துப் பிடித்து, பின்னங்காலை அதில் போட்ட மைக்கோடு வரை தண்ணீர்க் குழாயில் முக்கி, தண்ணீர் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். கோட்டுக்கு மேலே ஒரு நூல் போனாலும் அளவு தப்பு. நூற்றுக்கணக்கான தடவை செய்த வேலை. இன்று முதல் எலியே கையில் நிற்கவில்லை. விரல்களால் மெதுவாகவும் பிடிக்க முடியவில்லை, சரியாகவும் பிடிக்க முடியவில்லை. கிரீச் என்று கத்தியது. அதே பாதத்தை மூன்று முறை முக்கினேன், மூன்று முறையும் வேறு வேறு அளவு.

நான்காவது தடவை முக்குவதற்குள், முதல் மூன்றில் எது எனக்குச் சாதகம் என்று மனம் தேட ஆரம்பித்துவிட்டது. அதை நானே பிடித்துவிட்டேன். கண்ணும் போச்சு, கையும் போச்சு, இனி எதை வைத்து அளப்பது? ரஹ்மத் எதிரில் ஊசியோடு நின்றாள். "வேணாம், வச்சுரு" என்றேன்.

எலிகளுக்கு மட்டும் இன்று நல்ல நாள்.

ஏப்ரல் 10, வெள்ளி

சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரஹ்மத் சொன்னதை நான் வற்புறுத்திக் கேட்டதாக மாற்றிச் சொன்னேன். அவளும் கூட வந்திருந்தாள், "பொய் சொல்லுறா சார், நானாத்தான் சொன்னேன்" என்று அங்கேயே போட்டு உடைத்துவிட்டாள். இவளை வைத்துக்கொண்டு ஒரு நல்லது செய்ய முடியாது.

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டேட்டா முக்கியமா, நீங்க முக்கியமான்னு என்கிட்ட கேட்டா நான் டேட்டான்னுதான் சொல்லுவேன். முப்பது வருஷப் பழக்கம். அதனால என்கிட்ட கேக்காதீங்க." அப்புறம் கொஞ்சம் இறங்கி வந்தார். புதிதாக ஜெல் செய்ய வேண்டும், கெடுகிறதா என்று பார்க்க அது மறுபடி அலமாரியில் காத்திருக்க வேண்டும், வேறு ஆள் அளக்க வேண்டும். ஜூன் நடக்காது. உடம்பு சரியில்லை என்று பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் போட்டுப் பார்க்கலாம், கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். வேலை பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

"லெட்டரோட டாக்டர் சர்டிஃபிகேட் வைக்கணும். அதுக்காவது டாக்டர்ட்ட போங்கம்மா" என்றார். மேடம் என்று கூப்பிடுகிறவர், அம்மா என்று சொன்னது இன்றுதான்.

ஏப்ரல் 17, வெள்ளி

மூட்டு டாக்டர் சின்னப் பெண். ஒவ்வொரு கணுவாக அழுத்திக்கொண்டே என் கையைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தாள். எங்கே வலிக்கிறது என்று நான் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"எத்தனை நாளா இருக்கு?"

"ஒரு ரெண்டு வாரமா."

"ஜனவரியில இருந்து" என்றார் சௌந்தர். "பொங்கப் பானையை எறக்க என்னைக் கூப்புட்டா டாக்டர். கல்யாணமான நாள்ல இருந்து என்னை அடுப்படிக்குள்ள விட்டதில்ல இவ." சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இத்தனை நாள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார் மனுஷன்.

முடக்கு வாதம். ரத்தமும் அதைத்தான் சொல்கிறது. வலது நடுவிரலில் எலும்பு அரிக்க ஆரம்பித்திருக்கிறது, எக்ஸ்ரேயில் எறும்பு கடித்த மாதிரி ஒரு சின்னப் பள்ளம். அது இனி திரும்பாது. மற்ற விரல்களைக் காப்பாற்றலாம் என்றாள். அம்மா காலத்தில் இல்லாத மருந்து இப்போது இருக்கிறது, வாரத்துக்கு ஒரு நாள் போட வேண்டும், மாதா மாதம் ரத்தம் பார்க்க வேண்டும்.

"நான் இந்த வீக்கத்துக்குத் தடவுற எண்ணெய் ஜெல்லுலதான் ஆராய்ச்சி பண்றேன்" என்றேன். எதற்குச் சொன்னேனோ.

"அப்படியா! தாராளமா தடவுங்க மேடம், மேல் வலிக்கு இதமா இருக்கும். ஆனா இந்த நோய் உள்ளேருந்து வருது. தடவி நிறுத்த முடியாது."

இதையும் நான்தான் எழுதியிருக்கிறேன். முதல் அத்தியாயம், முடக்கு வாதப் பகுதியின் கடைசிப் பத்தி. அதற்கும் சேர்த்துத்தான் சார் "நன்று" போட்டிருந்தார்.

ஏப்ரல் 26, ஞாயிறு

(இன்றைக்கு அம்மா சொல்லச் சொல்ல எழுதுவது நான், ஓவியா. அம்மாவின் இரண்டு மணிக்கட்டிலும் பட்டை போட்டிருக்கிறார்கள். ஒரு வாரம் பேனா பிடிக்கக் கூடாது.)

மாத்திரை போட ஆரம்பித்தாயிற்று. உடனே ஒன்றும் தெரியாது, ஆறு வாரமாவது ஆகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாள். பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் போயிருக்கிறது, பதில் இல்லை. ரஹ்மத் புது ஜெல்லைத் தானே செய்கிறேன் என்று நிற்கிறாள். காரத்தை ஒரேயடியாக ஊற்றிக் கெடுத்துவைக்கப் போகிறாள். (ரஹ்மத் ஆண்ட்டி நல்லாத்தான் செய்வாங்க.) சொன்னதை மட்டும் எழுது.

அசதியாக இருக்கிறது. போன மாதம் இருந்த அதே அசதிதான். பேர் தெரிந்துவிட்டதால் குறைந்துவிடவில்லை.

இந்த இடத்தில் ஓவியா பேனாவை நிறுத்திவிட்டு, "இது ஆச்சிக்கு வந்ததுதானம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். கொஞ்ச நேரம் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எனக்கும் வருமா?"

இந்தக் கேள்விக்குப் பயந்துதான் நான்கு மாதம் ஓடியிருக்கிறேன் என்று இப்போது புரிகிறது. ஓடியும் அது என்னைப் பிடித்துவிட்டது. "வரலாம், வராமலும் போகலாம். வந்தா, விரல் மடங்காத முதல் நாளே என்கிட்ட வந்து சொல்லணும். அதனால, இதனாலன்னு கதை விடக் கூடாது" என்றேன்.

"நீ என்கிட்ட சொன்னியா?"

சொல்லவில்லை.

"அப்ப இப்ப சொல்லு. இன்னைக்குக் காலைல எப்படி இருந்துச்சு?"

பரவாயில்லை என்று எழுது, என்றேன்.

(எழுத மாட்டேன்.)

சரி, எழுது. வலித்தது. இரண்டு கையும் வலித்தது. டம்ளரைத் தூக்க முடியாமல் குனிந்து வாய் வைத்துக் காப்பி குடித்தேன். எனக்குப் பயமாக இருக்கிறது.

(எழுதிவிட்டேன் அம்மா.)